ஆழம் பார்த்த மருத்துவர்: சர் ஜேம்ஸ் யங் சிம்சன்



நம் சம்ப்பில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வாட்ச்மேன் என்ன செய்கிறார்? மூடியைத் திறந்து ஒரு நீளக் கம்பை இறக்குகிறார். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ, அதுதான் கணக்கு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்ததும் இதைத்தான்.

இந்தக் காலாண்டின் ஆரோக்கியப் பக்கத்தில், மருத்துவத்தில் அப்படி ஒரு கம்பைச் செய்து கொடுத்தவரின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிடாயில் அளவுக்கு மீறி இரத்தம் போவது நம் வீடுகளில் அரிதான விஷயம் இல்லை. ஸ்கேன் எடுப்பார்கள். கருப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறது, ஒரு டி அண்ட் சி செய்து பார்த்துவிடலாம் என்பார்கள். அந்த அறுவை அறையில் மருத்துவர் முதல் வேலைகளில் ஒன்றாகக் கையில் எடுப்பது, நுனி உருண்டையான, லேசாக வளைந்த, அளவுக் குறிகள் கொண்ட ஒரு மெல்லிய கம்பி. அதற்கு யூட்ரைன் சவுண்ட் என்று பெயர். இந்தச் சவுண்ட் சத்தம் அல்ல. கப்பல்காரர்கள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிக் கடலின் ஆழம் பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொல் அது.

அந்தக் கம்பிக்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன். பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவர் என்றுதான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆண் வாசகர்கள் பக்கத்தைத் தாண்டிப் போய்விட வேண்டாம். ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் நீங்களும் நிற்க வேண்டியிருக்கும்.

ரொட்டிக்கடை வீட்டுக் கடைக்குட்டி

1811 ஜூன் 7 அன்று, எடின்பரோவுக்கு மேற்கே பாத்கேட் என்ற சிற்றூரில் சிம்சன் பிறந்தார். அப்பா டேவிட் சிம்சன் ரொட்டிக்கடை வைத்திருந்தார். ஏழு ஆண் பிள்ளைகளில் ஜேம்ஸ்தான் கடைசி. அவருக்கு ஒன்பது வயதானபோது அம்மா இறந்துவிட, அக்கா மேரிதான் தாயாக இருந்து வளர்த்தார். காலையில் ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போவது, பிறகு பள்ளிக்கூடம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் புத்தகம் என்று அவருடைய சிறுவயது போயிற்று.

வீட்டில் ஒருவரையாவது நன்றாகப் படிக்க வைக்க வேண்டும் என்று குடும்பம் முடிவெடுத்தது. அண்ணன்மார் சம்பாத்தியத்தில் ஒரு பங்கு தம்பியின் படிப்புக்குப் போனது. நம் ஊர்க் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. பதினான்கு வயதில் அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

மருத்துவ மாணவராக இருந்தபோது ஒரு நாள் அவர் பார்த்த காட்சி அவரை உலுக்கிவிட்டது. ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு மார்பகத்தை அகற்றும் அறுவை. மயக்க மருந்து என்ற ஒன்றே அன்று கிடையாது. விழித்திருக்கும் பெண்ணை ஆட்கள் பிடித்துக்கொள்ள, மருத்துவர் அறுத்தார். சிம்சன் அங்கிருந்து நேராக வெளியே நடந்து, நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை கிடைக்குமா என்று தேடிப் போனதாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு மனம் மாறித் திரும்பி வந்தார். வலி இல்லாமல் இதைச் செய்ய வழி இருக்கிறதா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

பதினெட்டு வயதில் அறுவை மருத்துவர் தேர்வில் தேறினார். க்ளைட் நதிக்கரையில் ஒரு சிறு ஊருக்கு மருத்துவர் வேலைக்கு விண்ணப்பித்தார். அது கிடைக்கவில்லை. மீண்டும் படித்து 1832இல் எம்.டி. பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வைப் பார்த்துப் பிடித்துப்போன பேராசிரியர் ஜான் தாம்சன், தன் உதவியாளராக வைத்துக்கொண்டு, மகப்பேறு மருத்துவத்தில் கவனம் செலுத்தும்படி வழிகாட்டினார்.

ஒரு ஓட்டில் கிடைத்த நாற்காலி

1840இல் எடின்பரோவின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் பதவி காலியானது. அந்தப் பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தது பல்கலைக்கழகம் அல்ல, நகர மன்றம். நம் சங்கத் தேர்தல் மாதிரி வீடு வீடாக ஆதரவு கேட்க வேண்டிய போட்டி அது. சிம்சனுக்கு வயது 28. சின்னப் பையன், அதுவும் கல்யாணமாகாதவன், பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் பதவிக்கு எப்படி என்று பேச்சு எழுந்தது. வயதை மாற்ற முடியாது. கல்யாணத்தை முடிக்கலாம் அல்லவா? 1839 டிசம்பரில் லிவர்பூல் பெண் ஜெஸ்ஸி கிரிண்ட்லேயை மணந்துகொண்டார். பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்தவருக்கு 16, சிம்சனுக்கு 17. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்.

அவர் வந்த பிறகு வகுப்பறை நிரம்பி வழிந்தது. 52, குயின் தெரு என்ற அவர் வீட்டில் பணக்காரப் பெண்களும் கூலிக்காரப் பெண்களும் ஒரே கூடத்தில் காத்திருந்தார்கள்.

கம்பியில் ஒரு முண்டு

அன்று ஒரு பெண்ணுக்கு ஓயாமல் இரத்தம் போனால் மருத்துவர் என்ன செய்ய முடியும் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்கேன் இல்லை, எக்ஸ்ரே இல்லை. வெளியிலிருந்து வயிற்றை அழுத்தியும், விரலால் கருப்பையின் வாயைத் தொட்டும் பார்க்கலாம், அவ்வளவுதான். உள்ளே இருப்பது கட்டியா, சதை வளர்ச்சியா, கருப்பை பெரிதாகியிருக்கிறதா, திரும்பியிருக்கிறதா என்பதெல்லாம் ஊகம். அதே 1840களில் பாரிஸில் ரெக்காமியே என்ற மருத்துவர், க்யூரெட் என்னும் கரண்டி போன்ற கருவியால் கருப்பையின் உள்சவ்வைச் சுரண்டி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். டி அண்ட் சி என்பதில் வரும் சி அந்தக் கருவியின் பெயரிலிருந்து வந்ததுதான். சுரண்டும் கருவி வந்துவிட்டது. எவ்வளவு ஆழம் வரை போகலாம் என்று எப்படித் தெரியும்?

சிம்சன் 1843இல் தன் கம்பியைப் பற்றி எழுதினார். அவருக்கு முன்பும் சிலர் கருப்பைக்குள் கம்பி விட்டுப் பார்த்ததுண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை வழிநடத்தும்படி அதை வடிவமைத்ததுதான் அவர் செய்த வேலை.

அந்தக் கம்பியைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். நுனி கூராக இல்லாமல் சின்ன உருண்டையாக இருந்தது. சுவரில் பட்டாலும் எளிதில் குத்தாது. வளைவு கருப்பை இயல்பாக வளைந்திருக்கும் விதத்தை ஒட்டியது. நுனியிலிருந்து இரண்டரை அங்குலத்தில் ஒரு முண்டு வைத்தார். இயல்பான கருப்பையின் உட்குழி ஏறக்குறைய அவ்வளவு ஆழம்தான். விரல் நுனியை அந்த முண்டில் வைத்துக்கொண்டே கம்பியை உள்ளே நகர்த்தலாம். முண்டு கருப்பை வாய்க்கு வந்தவுடன் கைக்குத் தெரிந்துவிடும், இதற்கு மேல் போனால் யோசி என்று. அதற்கு மேலும் அளவுக் குறிகள் உண்டு. கம்பி அதையும் தாண்டித் தடையில்லாமல் போனால் கருப்பை பெரிதாகியிருக்கிறது என்று பொருள்.

கைப்பிடியிலும் ஒரு யுக்தி இருந்தது. தட்டையான கைப்பிடியின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பாகவும் மறுபக்கத்தை வழவழப்பாகவும் செய்தார். உள்ளே வளைவு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கட்டைவிரலுக்குத் தெரியும். இருட்டில் சாவியைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் மேல் என்று நாம் கண்டுபிடிப்பதில்லையா, அதைப் போல.

இதெல்லாம் ஏன் முக்கியம்? கருப்பையின் உள்சவ்வு மாதவிடாய் முடிந்தவுடன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். சுழற்சியின் பின்பாதியில் ஒரு சென்டிமீட்டர் வரை தடிக்கும். அதற்குப் பின்னால் தசைச் சுவர். அதையும் தாண்டினால் குடல். அதிகமாகச் சுரண்டினால் சவ்வை மீண்டும் வளர்க்கும் அடிப்படலமே போய், சுவரும் சுவரும் ஒட்டிக்கொள்ளும். சுவரில் துளை விழுந்தால் குடலுக்கு ஆபத்து. இவ்வளவு சிறிய இடத்தில் கண் தெரியாமல் வேலை செய்யும் கைக்கு ஒரு முண்டும் ஒரு சொரசொரப்பும் பெரிய துணை.

சாப்பாட்டு அறையில் ஒரு சோதனை

1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்து காட்டினார்கள். மாணவப் பருவத்தில் பார்த்த காட்சியை மறக்காத சிம்சன், 1847 ஜனவரி 19 அன்று, இடுப்பெலும்பு குறுகிய ஒரு பெண்ணின் கடினமான பிரசவத்தில் ஈதரைப் பயன்படுத்தினார். ஈதரின் வாடை கடுமையானது, இருமலும் வரும். அதைவிட நல்லது ஒன்று வேண்டும் என்று தேடினார்.

தேடிய விதம் இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். மாலையில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இரண்டு உதவி மருத்துவர்களோடு உட்கார்ந்து, கிடைத்த திரவங்களை எல்லாம் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி முகர்ந்து பார்ப்பார்கள். 1847 நவம்பர் 4 இரவு குளோரோஃபார்மின் முறை வந்தது. சிரிப்பும் பேச்சும் அதிகமாயின. சற்று நேரத்தில் மூவரும் தரையில் கிடந்தார்கள். இந்தத் திரவத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் லிவர்பூலில் இருந்த வேதியியலாளர் டேவிட் வால்டி. அவர் பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து வேதிப்பொருள் ஆலை நடத்தினார் என்பது நமக்கு ஒரு கூடுதல் செய்தி.

நான்கு நாள் கழித்து, நவம்பர் 8 அன்று, ஒரு பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார். அடுத்த வாரத்துக்குள் மருத்துவச் சங்கத்தில் அறிவித்து, சிறுநூலும் அச்சிட்டுவிட்டார். பிரசவ வலி கடவுள் விதித்தது, அதைப் போக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. சிம்சன் பைபிளை வைத்தே பதில் எழுதினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுள் அவனை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தினார் அல்லவா என்பது அவர் வாதங்களில் ஒன்று.

அளவில்லாத கைக்குட்டை

இங்கேதான் கதை திரும்புகிறது. கம்பியில் அங்குலம் அங்குலமாகக் குறி போட்ட அதே மனிதர், குளோரோஃபார்மை எப்படிக் கொடுத்தார் தெரியுமா? கைக்குட்டையைச் சுருட்டி, அதில் திரவத்தை ஊற்றி, மூக்கருகே பிடித்தார். தாராளமாக, சீக்கிரமாகக் கொடுப்பதே நல்லது என்று நம்பினார். கருவி எதுவும் தேவையில்லை, கிராமத்து மருத்துவரும் செய்யலாம் என்பதை அதன் பெருமையாகச் சொன்னார். அது ஓரளவு உண்மையும்கூட. சில மாதங்களில் குளோரோஃபார்ம் எங்கெங்கோ பரவியது அதனால்தான்.

1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தின் நியூகாஸில் அருகே ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் விரல் நகத்தை எடுக்க வேண்டியிருந்தது. முன்பு இதே போன்ற அறுவைக்கு ஈதர் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை ஒரு தேக்கரண்டி குளோரோஃபார்ம் துணியில் ஊற்றப்பட்டது. சில நிமிடங்களுக்குள் அவள் இறந்துவிட்டாள். கால் நகத்துக்காக வந்த சிறுமி.

சிம்சன் அதை ஏற்கவில்லை. மயங்கிய பெண்ணுக்குத் தெளிவிக்க வாயில் ஊற்றிய பிராந்தியும் தண்ணீரும் மூச்சை அடைத்திருக்க வேண்டும் என்று எழுதினார். லண்டனில் இருந்த ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வேறு விதமாகப் பார்த்தார். 1854இல் லண்டன் காலராவுக்குப் பிராட் தெருப் பம்புத் தண்ணீர் காரணம் என்று கண்டுபிடித்தவர் இதே ஸ்னோதான். துணியில் ஊற்றினால் நோயாளி இழுக்கும் காற்றில் எவ்வளவு குளோரோஃபார்ம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது, ஒரு மூச்சில் குறைவாகவும் அடுத்த மூச்சில் அபாய அளவிலும் போகலாம் என்பது அவர் கணிப்பு. ஆவியின் அளவைக் கட்டுப்படுத்தும் கருவியை அவர் வடிவமைத்தார்.

1853 ஏப்ரலில் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவரும் ஸ்னோதான். வேடிக்கை என்னவென்றால், அன்று அவரும் கைக்குட்டையைத்தான் பயன்படுத்தினார். ஆனால் ஒவ்வொரு வலிக்கும் இத்தனை துளி என்று எண்ணி, 53 நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். கைக்குட்டை ஒன்றுதான். அளவு மட்டும் வேறு.

குளோரோஃபார்ம் மரணங்கள் மூச்சு நின்று வருகின்றனவா, இதயம் நின்று வருகின்றனவா என்ற சண்டை சிம்சன் காலத்தோடு முடியவில்லை. 1888இலும் 1889இலும் ஹைதராபாத்தில் நிஜாமின் செலவில் இதற்கென்றே இரண்டு ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மூச்சைக் கவனித்தால் போதும் என்று அவை சொன்னது முழு உண்மை அல்ல, இதயமும் திடீரென்று துடிப்பு தவறி நிற்கக்கூடும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவானது.

கம்பி உள்ளேயே தங்கியபோது

ஆழம் பார்த்த கம்பியும் ஒரு தவறான பாதைக்கு வழி காட்டியது. பின்பக்கமாகத் திரும்பிய கருப்பையே பல தொல்லைகளுக்குக் காரணம் என்று அன்று பலர் நம்பினார்கள். சவுண்ட் கொண்டு அதை நிமிர்த்தலாம். நிமிர்த்திய பின் அப்படியே நிற்க வேண்டுமே? அதற்காகக் கருப்பைக்குள் பொருத்தி விட்டுவிடும் தண்டு ஒன்றைச் சிம்சன் செய்தார். ஒரு நிமிடம் உள்ளே போய் வரும் கருவி வேறு, நாட்கணக்கில் உள்ளே தங்கும் கருவி வேறு. பாரிஸில் இந்த வகைத் தண்டுகளால் பெண்கள் சிலர் காயப்பட்டு இறந்தார்கள். 1854இல் அங்குள்ள மருத்துவ அகாடமியில் காரசாரமான விவாதமே நடந்தது. மெல்ல அந்த முறை ஒழிந்தது.

கருப்பை வாயை விரிக்க அவர் பயன்படுத்திய அழுத்திய கடற்பஞ்சும் அப்படித்தான். ஈரத்தில் ஊறிப் பெருத்து வாயை மெல்லத் திறக்கும், மருத்துவர் விரலை விட்டு உள்ளே உள்ள சதை வளர்ச்சியைத் தொட்டு அறியலாம். இரத்தப்போக்கால் வெளுத்துப்போன எத்தனையோ பெண்களுக்கு அது பிழைக்க வழி செய்தது. அதே பஞ்சு கிருமிக்கும் நல்ல வீடு. பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சல் மருத்துவரின் கைகள் வழியே பரவக்கூடும் என்று 1850இல் எழுதிய சிம்சனுக்கே அந்தக் கைகளில் ஒட்டியிருப்பது என்ன என்பது தெரியாத காலம் அது.

அவர் விட்டுச்சென்ற இன்னொரு யோசனை அன்று பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. நுனியருகே துளைகள் உள்ள குழாயைக் கருப்பைக்குள் விட்டு, மறுமுனையில் பிச்சாங்குழல் போன்ற கருவியால் காற்றை இழுத்து உறிஞ்சும் முறை அது. தள்ளிப்போன மாதவிடாயை வரவழைக்க அவர் அதைப் பயன்படுத்தினார். அவர் இறந்தபின் வெளிவந்த விரிவுரைத் தொகுப்பில் அது இருக்கிறது. கூரிய கரண்டியால் சுரண்டாமல் உறிஞ்சி எடுப்பது என்ற எண்ணத்துக்கு அது ஒரு முன்னோடி.

எண்ணிப் பார்த்தவர், ஏற்க மறுத்தவர்

கடைசிக் காலத்தில் சிம்சன் ஒரு பெரிய கணக்கெடுப்பை நடத்தினார். கை கால் துண்டிக்கும் அறுவைக்குப் பின் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று நாடெங்கும் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 1869இல் வெளியிட்ட கணக்கு இது: கிராமங்களில் வீட்டிலேயே நடந்த 2,098 அறுவைகளில் இறந்தவர் 226 பேர். பெரிய ஆஸ்பத்திரிகளில் நடந்த 2,089 அறுவைகளில் இறந்தவர் 855 பேர். பத்தில் ஒருவர் எங்கே, பத்தில் நால்வர் எங்கே! பெரிய கட்டடமே ஆளைக் கொல்கிறது, சிறு சிறு கொட்டகைகளாகப் பிரித்துக் கட்டுங்கள் என்று வாதாடினார்.

காரணமும் மருந்தும் பக்கத்திலேயே இருந்தன. 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் கிருமியிலிருந்து காக்கும் முறையை வெளியிட்டிருந்தார். சிம்சன் அதை ஆதரிக்காமல், இது புதிதல்ல என்று எதிர்த்தார். லிஸ்டரின் மாமனார் சைமும் சிம்சனும் நெடுநாள் பகையாளிகள் என்பதும் அதில் கலந்திருக்கலாம். ஆஸ்பத்திரிகளின் குறையை எண்ணிக் காட்டியவர், அதைத் தீர்க்க வந்த முறையை ஏற்க மறுத்தது வருத்தமான விஷயம்.

அவருடைய இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெண்கள் மருத்துவம் படிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த எமிலி பிளாக்வெல்லைத் தன்னிடம் பயிற்சி பெற அனுமதித்தார். 1866இல் பாரனெட் பட்டம் வந்தது. சில வாரங்களுக்குள் மூத்த மகனையும் ஒரு மகளையும் பறிகொடுத்தார். 1870 மே 6 அன்று, 58 வயதில், அதே குயின் தெரு வீட்டில் இறந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய இடம் தருவதாகச் சொன்னார்கள். குடும்பத்தார் எடின்பரோவின் வாரிஸ்டன் கல்லறையிலேயே, இறந்த பிள்ளைகளின் அருகில் அடக்கம் செய்தார்கள். அன்று நகரத்துக் கடைகள் மூடியிருந்தன, தெருவெல்லாம் ஜனங்கள் நின்றார்கள்.

லிஃப்ட் கதவும் கருப்பைக் கருவியும்

சிம்சனின் வாழ்க்கையிலிருந்து நமக்கு என்ன கிடைக்கிறது? அவர் கெட்டிக்காரக் கைக்குச் சொந்தக்காரர். கைக்குட்டையை அவர் பிடித்தபோது பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. அதே கைக்குட்டை இன்னொருவர் கைக்குப் போனபோது ஒரு சிறுமி இறந்தாள். முண்டு வைத்த கம்பி அப்படி அல்ல. அனுபவம் குறைந்த கையையும் அது எச்சரிக்கும். கருவியின் பாதுகாப்பு, கெட்டிக்காரர் கையில் எப்படி இருக்கிறது என்பதில் இல்லை. களைத்துப்போன கையிலும், புதிய கையிலும் அது என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

நம் லிஃப்டை எண்ணிப் பாருங்கள். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் எத்தனை முறை பட்டனை அழுத்தினாலும் நகராது. எரிச்சலாகத்தான் இருக்கும். அந்தப் பிடிவாதம்தான் நம் பிள்ளைகளைக் காக்கிறது.

இன்றைய கருவிகள் சில அந்தப் பிடிவாதத்தைக் கற்றிருக்கின்றன. அதிக இரத்தப்போக்குக்குக் கருப்பையின் உள்சவ்வைச் சுட்டு அகற்றும் சிகிச்சை இருக்கிறது. ஒரு வகையில், மின்னலைக் கருவியை உள்ளே வைத்தபின் முதலில் கொஞ்சம் கரியமில வாயுவைச் செலுத்திப் பார்ப்பார்கள். சுவரில் துளை இருந்தால் வாயு கசியும், அழுத்தம் நிற்காது, இயந்திரம் சூட்டைத் தர மறுக்கும். சுடும் நேரமும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. சூடான நீர் நிரம்பும் பலூன் வகையில், அழுத்தம் திடீரென்று குறைந்தால் சூடு தானே நிற்கும். இந்தச் சோதனைகளும் முழுக் காவல் அல்ல என்பதால் மருத்துவரின் கவனம் தேவைதான். இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் போவது எது தெரியுமா? கருப்பையின் ஆழத்தை அளக்கும் சிம்சனின் கம்பி. அந்த அளவை வைத்துத்தான் கருவியின் நீளத்தையே அமைக்கிறார்கள்.

உறிஞ்சும் யோசனையும் வளர்ந்தது. 1970களில் வளையும் பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. சுவரில் முட்டினால் உலோகம் குத்தும், பிளாஸ்டிக் வளையும். கருக்கலைப்பிலும், முழுமையடையாத கருச்சிதைவிலும், கூரிய க்யூரெட்டுக்குப் பதிலாக உறிஞ்சும் முறையையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சவ்வின் சிறு மாதிரி எடுக்க இன்று உறிஞ்சுகுழல் தடிமனே உள்ள பிளாஸ்டிக் குழாய் போதும், பல சமயம் மயக்க மருந்தே தேவைப்படாது. உள்ளே நேராகப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப் கருவியும் இருக்கிறது. அதன் முதல் வெற்றிகரமான பயன்பாடு 1869இல், சிம்சன் இறப்பதற்கு முந்தைய ஆண்டில் நடந்தது.

நீங்கள் கேட்க வேண்டியவை

உங்களுக்கோ, வீட்டில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இப்படி ஒரு சிகிச்சை சொல்லப்பட்டால், தயங்காமல் கேளுங்கள். மாத்திரையாலோ ஹார்மோன் கொண்ட லூப்பாலோ முதலில் முயன்று பார்க்கலாமா? சுரண்டுவதா, உறிஞ்சுவதா, கேமரா வைத்துப் பார்த்துச் செய்வதா, எது, ஏன்? சவ்வைச் சுடுவதற்கு முன் மாதிரி எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாயிற்றா? கர்ப்பம் இல்லை என்று சோதித்தாயிற்றா? இனிக் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் சுடும் சிகிச்சை ஏற்றதல்ல என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் சொல்லுங்கள், அந்தத் தழும்பு உள்ள இடத்தில் சுவர் மெல்லியதாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருடத்துக்குப் பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் போங்கள். உடற்சூடு, வெயில், அலைச்சல் என்று நாமே காரணம் சொல்லிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. சிகிச்சை முடிந்து வீடு வந்தபின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, துர்நாற்றமான போக்கு இருந்தால் அன்றே திரும்பப் போக வேண்டும்.

இப்படிக் கேட்பது மருத்துவரை நம்பாததாகாது. நல்ல மருத்துவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். சிம்சன் தன் கம்பியில் வைத்த முண்டைப் போல, நாம் கேட்கும் கேள்வியும் ஒரு முண்டுதான். அந்த இடத்தில் கை ஒரு நொடி நின்று, யோசித்து, பிறகு நகரும்.

பக்கத்து வீட்டு அக்காவிடமும் இதைப் பகிருங்கள். அடுத்த காலாண்டு இதழில் சந்திப்போம். நலமாக இருங்கள்.